பெரிய விளக்குகளும் புற ஊதாக் கதிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படப்பிடிப்புத் தளம், மேடை நிகழ்ச்சி, ராத்திரி கபடி, திருவிழா என்று பெரிய விளக்குகளைச் சுற்றியே பிழைப்பு நடத்துகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஷாக் அடிப்பதும் ஸ்டாண்ட் சாய்வதும் எல்லாருக்கும் தெரிந்த ஆபத்துகள். கண்ணுக்கே தெரியாத கதிரால் வருகிற ஆபத்தைப் பற்றி மட்டும் இதில் பார்க்கலாம். வெயிலில் இருக்கும் புற ஊதாவுக்கு இங்கே வேலை இல்லை.

கண் கூசுகிற விளக்கெல்லாம் ஆபத்தானதா?

இல்லை. கூச்சம் என்பது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தால் வருவது. கூசினால் இமையை மூடிக்கொள்வோம், முகத்தைத் திருப்பிக்கொள்வோம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புற ஊதாக் கதிர் 400 நானோமீட்டருக்கும் குறைவான அலைநீளம் கொண்டது. கண் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காத ஒன்றுக்கு இமை எப்படி மூடும்? மங்கலான நீலத்தில் எரியும் ஒரு 30 வாட் கிருமிநாசினிக் குழல், மைதானத்தையே பகலாக்கும் எல்இடி விளக்கைவிடக் கண்ணுக்குப் பல மடங்கு கெடுதல்.

புற ஊதாவை, சுருக்கமாக யுவி, மூன்றாகப் பிரிப்பார்கள். 315 முதல் 400 நானோமீட்டர் வரை யுவி-ஏ. 280 முதல் 315 வரை யுவி-பி. அதற்கும் கீழே யுவி-சி. சூரியனிலிருந்து கிளம்பும் யுவி-சி நம்மிடம் வந்து சேர்வதற்குள் வளிமண்டலம் அதை முழுக்க விழுங்கிவிடுகிறது. அதனால் யுவி-சி உங்கள் மேல் பட்டது என்றால், அநேகமாக அது ஒரு விளக்கிலிருந்தோ வெல்டிங்கிலிருந்தோதான் வந்திருக்கும்.

எந்தெந்த விளக்கில் இது உண்டாகிறது?

இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் வாயுவின் வழியாகப் பாய்ந்து எரிகிற விளக்குகள் எல்லாவற்றிலும். அப்படிப் பாய்ந்து எரிவதைத்தான் ஆர்க் என்பார்கள். சினிமாக்காரர்களின் எச்எம்ஐ, மைதானத்து மெட்டல் ஹாலைடு, பழைய தெருவிளக்குகளில் இருந்த பாதரச ஆவி விளக்கு, தியேட்டர் புரொஜெக்டரின் செனான், அதற்கும் முந்தைய கார்பன் ஆர்க் என்று வரிசை நீளும். வீட்டு டியூப்லைட்டுக்கு உள்ளேகூடப் பாதரசம் முதலில் வெளிவிடுவது 254 நானோமீட்டர் யுவி-சியைத்தான். குழலின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வாங்கி வெளிச்சமாக மாற்றுகிறது, மிச்சத்தைக் கண்ணாடி நிறுத்திவிடுகிறது.

ஆக, உள்ளே யுவி உண்டாவதைத் தடுக்க முடியாது. அதற்கும் நமக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இதையே வேறு வேறு விதமாகச் சொல்லும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் கண்ணாடி யுவியைத் தடுக்குமா?

யுவி-சியையும் யுவி-பியில் பெரும்பகுதியையும் தடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய 320 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை அநேகமாக விடுவதில்லை. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக்கு இந்த எல்லை 300ஐ ஒட்டி இருக்கும். யுவி-ஏ மட்டும் ஓரளவு தாண்டி வரும்.

குவார்ட்ஸ் அப்படியில்லை. பார்க்கக் கண்ணாடியேதான். ஆனால் சுத்தமான குவார்ட்ஸ் 200 நானோமீட்டர் வரைக்கும் கதிரை உள்ளே விட்டு வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆர்க் விளக்கின் சூட்டையும் அழுத்தத்தையும் குவார்ட்ஸ்தான் தாங்கும் என்பதால் பல்பை அதில்தான் செய்தாக வேண்டும். அதனால் பல்பு தன் யுவியைத் தானே தடுத்துக்கொள்ளாது. அந்த வேலை வெளிக் கண்ணாடிக்கு. சில பல்புகளில் சீரியம் போன்றவற்றைக் கலந்த குவார்ட்ஸைப் பயன்படுத்தி யுவியைக் குறைத்திருப்பார்கள். அது நல்லதுதான், ஆனால் அதை நம்பி வெளிக் கண்ணாடி இல்லாமல் எரிக்கலாம் என்று அர்த்தமில்லை.

எச்எம்ஐ விளக்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

எச்எம்ஐ 1960களின் கடைசியில் ஜெர்மனியின் ஓஸ்ரம் நிறுவனம் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்காக உருவாக்கியது. பகல் வெளிச்சத்தோடு ஒத்துப்போகும் 5600 கெல்வின் நிறம், அதே வாட்டில் டங்ஸ்டனைவிடச் சுமார் நான்கு மடங்கு வெளிச்சம். அதனால்தான் 200 வாட்டிலிருந்து 18 கிலோவாட் வரை எல்லா அளவிலும் தளத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

இதில் காவல் இரண்டு. ஒன்று முன்னால் இருக்கும் லென்ஸ் அல்லது கண்ணாடி. மற்றொன்று அந்த லென்ஸ் கதவோடு சேர்ந்த ஒரு சின்ன ஸ்விட்ச். கதவைத் திறந்தால் ஸ்விட்சின் 'பின்' (அழுந்தும் சிறு முனை) வெளியே வரும், விளக்கு அணையும். திறந்த கதவோடு எரிய விடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இனி நடப்பதைச் சொல்கிறேன். நாளடைவில் கதவின் கொக்கி தளரும், தகடு வளையும். கதவு மூடித்தான் இருக்கும், ஆனால் பின் முழுக்க அழுந்தியிருக்காது. விளக்கு பற்றாது. ஷாட் ரெடி, கேமராமேன் கத்துகிறார், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பின்னை விரலால் அழுத்தி அதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டால் விளக்கு ஜம்மென்று எரியும். அன்றைய வேலை முடியும். டேப் மட்டும் அங்கேயே தங்கிவிடும். அடுத்த வாரம் வேறொரு படத்துக்குப் போகும் அந்த விளக்கின் கதவு தானாகத் திறந்துகொண்டாலும் எரிந்துகொண்டுதான் இருக்கும். அதை ஒட்டியவருக்கு ஒன்றும் ஆகாது. கீழே நின்று விளக்கின் முன்னால் இருக்கும் பார்ன்டோர் தகடுகளைத் திருப்புகிற பையனுக்குத்தான் ஆகும்.

எனவே விளக்கு வண்டியிலிருந்து இறங்கியதும் கதவைத் திறந்து அந்த ஸ்விட்சை ஒருமுறை பாருங்கள். டேப்பின் பசை, தீக்குச்சித் துண்டு, வளைத்துவிட்ட கம்பி, எது இருந்தாலும் அந்த விளக்கைத் திருப்பி அனுப்பலாம். கேட்டால் "இதெல்லாம் எல்லா விளக்கிலும் இருக்கும் சார்" என்பார்கள். பரவாயில்லை, திருப்பி அனுப்புங்கள்.

லென்ஸில் ஒரு கீறல்தான். எரிக்கலாமா?

மேலோட்டமான கீறல் என்றால் பரவாயில்லை. விரிசல் என்றால் கூடாது. எரியும்போது லென்ஸ் கடுமையாகச் சூடாகும், அணைத்தால் சுருங்கும். விரிசல் வளர்ந்துகொண்டே போய் ஒருநாள் ஒரு துண்டு கழன்று விழும். அந்த ஓட்டை வழியாக வருவது வடிகட்டாத ஆர்க். எரிந்துகொண்டிருக்கும் லென்ஸ் மேல் மழைத்துளி விழுந்தாலும் இதே கதிதான். மழை ஷாட் எடுக்கும்போது விளக்கின் மேல் கூரை போடாமல் எரிப்பது லென்ஸுக்கும் நல்லதல்ல, ஆளுக்கும் நல்லதல்ல.

பின்னால் ரிஃப்ளெக்டர் வைத்த பார் (PAR) வகை எச்எம்ஐயில் இன்னொரு தவறு நடக்கும். வெளிச்சத்தை விரிக்கவும் குவிக்கவும் மாற்றுகிற லென்ஸ்கள் தனி, யுவியைத் தடுக்கும் முன்கண்ணாடி தனி என்று சில மாடல்களில் இருக்கும். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று முன்கண்ணாடியையும் கழற்றிவிடுவார்கள். செய்யவே கூடாது.

எங்கள் ஊர் கபடி மைதானத்தில் ஃபோக்கஸ் லைட் பல்பு உடைந்தும் எரிந்துகொண்டிருந்தது. அது எப்படி?

மெட்டல் ஹாலைடு பல்புக்குள் இன்னொரு பல்பு உண்டு. உள்ளே விரல் அளவில் ஒரு குவார்ட்ஸ் குழல், ஆர்க் எரிவது அதற்குள். வெளியே பெரிதாகத் தெரிவது அதைப் போர்த்தியிருக்கும் போரோசிலிகேட் கண்ணாடி. பந்தோ கல்லோ பட்டு வெளிக் கண்ணாடி மட்டும் உடைந்தால் உள்குழல் தன்பாட்டுக்கு எரியும். வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாததால் கீழே இருக்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து யுவி-சி உட்பட எல்லாம் தாராளமாக இறங்கும்.

அமெரிக்கப் பள்ளிகளின் உள்விளையாட்டு அரங்குகளில் இப்படி நிறைய நடந்திருக்கிறது. ராத்திரி மேட்ச் பார்க்க வந்தவர்கள் கண் எரிச்சலும் முகம் சிவந்தும் மறுநாள் மருத்துவமனைக்குப் போவார்கள். அந்த நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1980இல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி பல்புகள் இரண்டு வகை. டி (T) என்று குறித்தது, வெளிக் கண்ணாடி உடைந்தால் 15 நிமிடத்துக்குள் தானாக அணைந்துவிட வேண்டும். ஆர் (R) என்று குறித்தது அணையாது. ஆர் வகையின் உறையில் எச்சரிக்கை அச்சடித்திருக்க வேண்டும்: கண்ணாடி உடைந்தால் தோலும் கண்ணும் புண்படும், போதிய தடுப்பு இல்லாத இடத்தில் ஆட்கள் சில நிமிடங்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்று.

நம் ஊரில் செய்யக்கூடியது எளிது. ஃபிட்டிங்கின் முன்கண்ணாடி இல்லாமல் பல்பை மாட்டாதீர்கள், பந்து பறக்கிற இடத்தில் அதற்கு மேல் கம்பி வலையும் போடுங்கள். ஏதாவது பட்டு உடைந்த சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி மெயினை அணையுங்கள். "இந்த செட் முடியட்டும்" என்று இழுப்பதற்குள் கூட்டமே வாங்கிக்கட்டிக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் ஆர்க் லைட் வைத்துத்தானே படம் எடுத்தார்கள்? அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

ஆனது. மௌனப்பட காலத்து ஹாலிவுட்டில் நடிகர் நடிகைகளுக்குக் கண் சிவந்து வீங்கி நீர் வடிவது வழக்கமான நோயாகவே இருந்தது. நியூயார்க்கின் கிளீகல் சகோதரர்கள் கார்பன் ஆர்க் விளக்குகளுக்குப் பேர்போனவர்கள் என்பதால் அந்தக் கண்வலியைக் 'கிளீக் கண்' என்றே அழைத்தார்கள். முன்னால் கண்ணாடி இல்லாமல் கார்பன் குச்சிகளை எரியவிட்டு, அதற்கெதிரே மணிக்கணக்கில் நடித்தால் வேறென்ன ஆகும்? விளக்குகளுக்கு முன் கண்ணாடி வந்த பிறகுதான் அந்த நோய் அடங்கியது. அன்றைய வைத்தியமும் இன்றைய வைத்தியமும் ஒன்றேதான், ஒரு தகடு கண்ணாடி.

நம் தியேட்டர்களிலும் கார்பன் எரித்துத்தான் வெகுகாலம் படம் ஓட்டினார்கள். எரிந்து தேய்ந்த கார்பன் துண்டுகளைப் பொறுக்கி விளையாடிய தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆபரேட்டர் ஆர்க்கை நேராகப் பார்ப்பதில்லை. விளக்குப் பெட்டியின் பக்கவாட்டில் கருங்கண்ணாடி பதித்த சின்ன ஜன்னல் இருக்கும், அதன் வழியாகப் பார்த்துத்தான் குச்சிகளை நெருக்குவார்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் கண் வலிக்கிறது. ஏன் அப்போதே தெரிவதில்லை?

இந்த ஆபத்தின் மோசமான குணமே அதுதான். யுவி படும்போது சூடும் தெரியாது, வலியும் தெரியாது. கருவிழியின் மேல்தோலில் இருக்கும் செல்கள் கதிரை வாங்கிக்கொண்டு உடனே சாவதில்லை. சில மணி நேரம் கழித்து அவை உதிரத் தொடங்கும்போது அடியில் இருக்கும் நரம்பு முனைகள் வெளியே தெரியும். உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று கருவிழி. அதன் பிறகு ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் உயிர் போய் உயிர் வரும்.

பொதுவாக 6 முதல் 12 மணி நேரத்தில் ஆரம்பிக்கும். அளவு மிக அதிகமாகப் பட்டிருந்தால் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தல், நிற்காத நீர், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத நிலை, மங்கலான பார்வை. அநேகமாக இரண்டு கண்ணிலும் சேர்ந்தே வரும். தோலும் அதே போலத்தான், சில மணி நேரம் கழித்தே சிவக்கும், மறுநாள் உச்சத்துக்கு வரும்.

இதனால் நடைமுறையில் ஒரு குழப்பம் வருகிறது. சாயங்காலம் எரிந்த விளக்கால் நடுராத்திரி கண் வலித்தால், யாரும் விளக்கைச் சந்தேகிப்பதில்லை. தூசி, மெட்ராஸ் ஐ, தூக்கமின்மை என்று எதையாவது சொல்லிக்கொள்வார்கள். தளத்தில் ஒரே இடத்தில் நின்ற இரண்டு மூன்று பேருக்கு ஒரே ராத்திரியில் வந்தால் விளக்கைப் போய்ப் பாருங்கள்.

வந்துவிட்டால் என்ன செய்வது? தாய்ப்பால் விடலாமா?

விடாதீர்கள். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்குத் தாய்ப்பால், விளக்கெண்ணெய், உருளைக்கிழங்குச் சீவல் என்று நம் பக்கம் நிறைய வைத்தியம் உண்டு. குளிர்ச்சியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மேல்தோல் உரிந்த கருவிழி என்பது திறந்த புண். அதில் சுத்தமில்லாததை ஊற்றினால் கிருமி தொற்றும், இரண்டு நாளில் ஆற வேண்டியது இரண்டு மாதத் தொல்லையாகிவிடும். எப்படியும் ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடுவதால், எதை ஊற்றினாலும் "அதனால்தான் ஆறியது" என்று பேர் வாங்கிவிடும். வைத்தியம் பிழைத்திருப்பது அப்படித்தான்.

செய்ய வேண்டியது: காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். இருட்டான அறையில் இருங்கள். மூடிய இமை மேல் சுத்தமான ஈரத்துணி வைக்கலாம். வலி மாத்திரை போடலாம். கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது. கண்ணீர் போன்ற மசகுச் சொட்டு மருந்தும், தொற்று வராமல் இருக்க ஆன்டிபயாடிக் களிம்பும் அவர் கொடுப்பார்.

ஒன்று முக்கியம். பரிசோதிக்கும்போது டாக்டர் மரத்துப்போகும் சொட்டு ஒன்று விடுவார், விட்டதும் வலி மாயமாகப் போய்விடும். "அந்த மருந்தையே எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்பார்கள். அவர் தரமாட்டார், நீங்களும் மெடிக்கலில் தேடி வாங்காதீர்கள். அதைத் தொடர்ந்து விட்டால் கருவிழி ஆறவே ஆறாது, பார்வையே கெடலாம்.

பார்வை நிரந்தரமாகப் போய்விடுமா?

ஒரு முறை பட்டால் பெரும்பாலும் இல்லை. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மேல்தோல் புதிதாக வளர்ந்துவிடும். அதற்கு மேலும் வலி நீடித்தால், ஒரு கண் மட்டும் மோசமானால், சீழ் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படுவது வேறு கணக்கு. கண்புரை சீக்கிரம் வருவதற்கும், தோல் தடித்துச் சுருங்குவதற்கும், தோல் புற்றுநோய்க்கும் யுவி காரணமாகிறது.

ஹாங்காங்கில் பார்ட்டிக்குப் போனவர்களுக்குக் கண் வெந்துபோனதாகச் செய்தி வந்ததே, அது என்ன?

2023 நவம்பரில் நடந்தது. போர்டு ஏப் யாட் கிளப் என்ற டிஜிட்டல் குரங்குப் படங்களை வாங்கி வைத்திருப்பவர்களுக்காக யுகா லேப்ஸ் நிறுவனம் ஹாங்காங்கின் கை டாக் கப்பல் முனையத்தில் 'ஏப்ஃபெஸ்ட்' என்ற கொண்டாட்டத்தை நடத்தியது. பார்ட்டி முடிந்து தூங்கப்போனவர்களில் பலர் கடுமையான கண்வலியோடு எழுந்தார்கள். பார்வை மங்கல், முகமும் கழுத்தும் வெயிலில் வெந்தது போலச் சிவப்பு. சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். கருவிழி அழற்சி என்று டாக்டர் சொன்னதாகச் சமூக வலைத்தளத்தில் எழுதினார்கள். சில நாள் கழித்து நிறுவனம் அறிக்கை விட்டது: அரங்கின் ஒரு மூலையில் பொருத்தப்பட்ட யுவி-ஏ விளக்குகள்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று.

யுவி-ஏ மட்டும்தான் என்றால் அதன் அளவு மிகப் பெரிதாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் கருவிழியை எரிப்பதில் யுவி-பியும் யுவி-சியும்தான் கைதேர்ந்தவை. அது எப்படியோ, அதே ஊரில் 2017இல் நடந்த ஒரு விருந்தில் இதைவிட அப்பட்டமான தவறு நடந்தது. கிருமியைக் கொல்லும் குழல்களை அலங்காரத்துக்காக மாட்டிவைத்திருந்தார்கள். நீல வெளிச்சம் அழகாக இருந்தது, வந்தவர்களுக்குக் கண்ணும் தோலும் வெந்தது.

கிருமிநாசினிக் குழலைச் சாதாரண டியூப்லைட் ஃபிட்டிங்கில் மாட்ட முடியுமா?

மாட்ட முடியும், சிக்கலே அங்கேதான். 30 வாட் கிருமிநாசினிக் குழலின் இரண்டு முனைகளும் சாதாரண டியூப்லைட்டின் முனைகளைப் போலவேதான் இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: சாதாரணக் குழல் உள்ளே வெள்ளைப் பூச்சோடு இருக்கும், பிளாக்லைட் எனும் யுவி-ஏ குழல் கருநீலமாகவோ பால் வெள்ளையாகவோ இருக்கும், கிருமிநாசினிக் குழல் மட்டும் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் வரை தெரிகிற மாதிரி தெளிந்த கண்ணாடியாக இருக்கும். நிறமும் பூச்சும் இல்லாத குழல் கையில் கிடைத்தால் எரிக்காதீர்கள்.

கணக்கு சொல்கிறேன். 254 நானோமீட்டருக்கு 8 மணி நேர வேலைநாளுக்கான சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 60 ஜூல். ஒரு 30 வாட் குழல் ஒரு மீட்டர் தூரத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 1 வாட் தரும். ஒரு நிமிடம் நின்றால் ஒரு நாளைய பங்கு முடிந்தது.

கொரோனா சமயத்தில் கையில் பிடிக்கிற யுவி விளக்குகளை வாங்கிக் கையையும் முகத்தையும் சுத்தம் செய்தவர்கள் உண்டு. கையையோ தோலையோ சுத்தப்படுத்த யுவி விளக்கைப் பயன்படுத்தக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே சொல்லிவிட்டது.

கூலிங் கிளாஸ் போட்டால் போதுமா?

நிறத்துக்கும் யுவி தடுப்புக்கும் சம்பந்தமில்லை. ரோட்டோரத்தில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியில் யுவி தடுப்பு இல்லாவிட்டால், அந்த இருட்டில் கண்மணி விரிந்து, உள்ளே போகும் யுவி அதிகமாகத்தான் ஆகும். நிறமே இல்லாத பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அதைவிட எவ்வளவோ மேல், ஏறக்குறைய 380 நானோமீட்டர் வரை தடுத்துவிடும். பக்கவாட்டிலும் மூடியதாக வாங்குங்கள். முழுக்கைச் சட்டை, கழுத்து மூடிய துணி, கையுறை. ஆனால் இவை பல்பு மாற்றுகிறவருக்கும் ரிப்பேர் பார்ப்பவருக்கும்தான். நடிகருக்கோ கூட்டத்துக்கோ கண்ணாடி மாட்டிவிட்டு விரிசல் விளக்கை எரிப்பது தீர்வு ஆகாது.

விளக்குக்கு முன்னால் ஒட்டும் ஜெல் தாளும் பட்டர் பேப்பரும் யுவியைத் தடுக்காதா?

கொஞ்சம் தடுக்கும். நம்பக்கூடாது. யுவியைக் குறைப்பதற்கென்றே தனி ஜெல் விற்கிறார்கள், லீ கம்பெனியின் 226 அப்படிப்பட்டது. பழைய ஓவியங்கள், பட்டுத்துணி மங்காமல் இருக்க அதைப் போடுவார்கள். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அதை ஒட்டினால் சூட்டில் சுருங்கி ஓட்டை விழும்.

தள்ளி நின்றால் சரியாகிவிடுமா?

குறையும். தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒரு பங்குதான் படும். ஆனால் குவிக்கப்பட்ட ஒளிக்கற்றைக்குள் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இன்னொன்று, அலுமினியம் யுவியை நன்றாகவே திருப்பி அனுப்பும். சில்வர் ஃபாயில் ஒட்டிய ரிஃப்ளெக்டரால் ஒரு பழுதான விளக்கை நடிகர் முகத்துக்குத் திருப்பினால், விளக்குக்கு முதுகு காட்டி நின்றாலும் முகத்தில் வாங்கிக்கொள்வார்.

நல்ல விளக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏதாவது தர எண் உண்டா?

ஐஇசி 62471 என்று ஒரு தரம் இருக்கிறது. விளக்குகளை அபாயமில்லாதது, அபாயப் பிரிவு 1, 2, 3 என்று பிரிக்கிறது. 3 என்றால் ஒரு கணம் பட்டாலே கெடுதல். மேடை விளக்குகளின் பின்பக்கத்திலோ கையேட்டிலோ இந்த எண் இருக்கும். கூடவே இத்தனை மீட்டர் என்று ஒரு தூரமும் குறித்திருக்கலாம், அதற்கு உள்ளே ஆள் வரக்கூடாது என்று பொருள். ஆனால் இதெல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் விளக்குக்குத்தான். கதவில் டேப் ஒட்டிய விளக்குக்கு எந்தப் பிரிவும் பொருந்தாது.

அளந்து பார்க்க வேண்டும் என்றால் யுவி-பி, யுவி-சி இரண்டையும் படிக்கிற மீட்டர் வேண்டும். கடையில் விலை மலிவாகக் கிடைப்பவற்றில் பல யுவி-ஏயை மட்டும் காட்டும். அது பூஜ்யம் காட்டியதை வைத்துத் தைரியம் கொள்ளாதீர்கள்.

எல்இடிக்கு மாறிவிட்டோம். இனி கவலை இல்லையே?

வெள்ளை எல்இடி என்றால் யுவி கவலை அநேகமாக இல்லை. 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்திலிருந்துதான் அதன் வெள்ளை பிறக்கிறது. நேராக உற்றுப் பார்த்தால் நீல ஒளியால் விழித்திரைக்கு வரும் கெடுதல் வேறு விஷயம். ஆனால் 365 நானோமீட்டர் யுவி எல்இடிகளும் இப்போது சக்தி வாய்ந்தவையாக வருகின்றன. மங்கலான ஊதாவாகத் தெரிவதால் கிட்டப்போய் உள்ளே எட்டிப்பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதிகம் பாதிக்குமாமே?

ஆமாம். டாக்ஸிசைக்ளின் போன்ற சில மருந்துகள் தோலின் தாங்கும் சக்தியைக் குறைக்கும். லூபஸ் என்ற நோய் இருப்பவர்களுக்கும் ஆகாது. அடிக்கடி விளக்கு வெளிச்சத்தில் முகம் சிவக்கிறது என்று ஒரு நடிகர் சொன்னால் மேக்கப்பைக் குறை சொல்வதற்கு முன் இதையும் கேளுங்கள்.

தோல் டாக்டரே யுவி விளக்குக்கு முன்னால் நிற்க வைக்கிறாரே?

வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் 311 நானோமீட்டர் யுவி-பி கொடுப்பார்கள். விநாடிக் கணக்கில் தொடங்கி, தோல் தாங்குவதைப் பார்த்துக் கூட்டுவார்கள், கண்ணை முழுக்க மூடிவிடுவார்கள். தோலில் வரும் காசநோயைக் கார்பன் ஆர்க் ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசே கிடைத்தது. அளந்து கொடுப்பதும் அளவில்லாமல் வாங்குவதும் ஒன்றல்ல.

உடைந்த பல்பை எங்கே போடுவது?

எச்எம்ஐ, மெட்டல் ஹாலைடு, டியூப்லைட் எல்லாவற்றிலும் பாதரசம் இருக்கிறது. அழுத்தம் நிறைந்த பல்பு வெடித்தால் ஆட்களை விலக்கி, இடத்தைக் காற்றாட விடுங்கள். விளக்கு முழுக்க ஆறிய பிறகு கையுறையோடு அட்டையால் வாரி, ஈரத் துணியால் துடைத்து, மூடிய டப்பாவில் போடுங்கள். துடைப்பத்தாலோ வேக்குவம் கிளீனராலோ கூட்டினால் பாதரசம் அறை முழுக்கப் பரவும். குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. இந்தியாவில் பாதரசம் உள்ள விளக்குகள் மின்கழிவு விதிகளுக்குள் வருகின்றன, பதிவு பெற்ற மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்கலாம். வாடகைக்கு எடுத்த விளக்கு என்றால் உடைந்த பல்பின் துண்டுகளையும் டப்பாவோடு கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது பலருக்கும் வசதியாக இருக்கிறது.